தேவர்கள் மண்வெட்டியை எறிந்த கதை

சமயத்தின் தோற்றம் பற்றிப் பேசுவோருள் ஒரு சாரார் அதனை விண்ணின் கொடை என்பர். மறு சாரார் பூசகரின் சூழ்ச்சி என்பர். இரண்டும் ஆராயும் உழைப்பைத் தவிர்க்கும் விடைகளே. எழுத்துச் சான்றுடைய மிகப் பழைய சமயங்களுள் ஒன்றான சுமேரியச் சமயத்தை நோக்குவோம்.

தென் ஈராக்கிலே, ஊருக் நகரின் கோயில் வளாகத்தில், கி.மு. 3300க்கும் 3000க்கும் இடைப்பட்ட காலத்துக் களிமண் ஏடுகள் கிடைத்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை துதிப்பாடல்கள் அல்ல; தானியம், ஆடு, உணவுப் பங்கீடு பற்றிய கணக்குகள். தெய்வத்தின் இல்லம் களஞ்சியமாகவும் விளங்கிற்று.

அம்மரபின் வழிவந்த பாபிலோனியர் மனிதப் படைப்பை எவ்வாறு விளக்கினர்? கி.மு. 17ஆம் நூற்றாண்டில் அக்காடிய மொழியிற் படியெடுக்கப்பட்ட அத்ரஹாசிஸ் காவியத்தின்படி, ஆதியிற் சிறு தெய்வங்களே கால்வாய் தோண்டின. சுமை தாளாது ஒருநாள் கருவிகளுக்குத் தீயிட்டு, தலைவன் என்லிலின் வாயிலை முற்றுகையிட்டன. அதன் பின்னரே, களிமண்ணோடு கொல்லப்பட்ட தெய்வமொன்றின் குருதியையும் கலந்து மனிதன் ஆக்கப்பட்டான்; அவர்தம் சுமையைச் சுமப்பதற்காக!

உழைப்பே மனிதனின் விதி என, ஆள்வோர்க்கு இசைவாகவே கதை முடிகிறது. ஆயினும், சுமை மிகுந்தால் கருவியை எறியலாம் என்பதையும், தேவர்கள் மேல் ஏற்றியேனும், அது சொல்லிவிட்டது. கால்வாய் வெட்டிய கைகளின் வலியை அறியாத சமுதாயம் இதனைக் கற்பனை செய்திருக்க இயலாது.

ஆகவே, பழஞ்சமயங்களைக் கற்பிக்கும் நாம் அவற்றை வணங்கவும் வேண்டா, எள்ளவும் வேண்டா. அவற்றுட் புதைந்துள்ள உழைப்போரின் வரலாற்றை அகழ்ந்தெடுப்பதே நம் கடன்.