பனிப்பாறையும் அட்டைத்துண்டும்

பன்றியின் மூத்திரப்பையில் வர்ணத்தை நிரப்பி வாயைக் கட்டி, வேண்டும்போது ஆணியால் குத்திப் பிதுக்கியெடுத்து, மீதி காய்ந்துவிடாதிருக்க அந்தத் துளையை அடைத்து வைத்த ஓவியர்களுக்கு, வெட்டவெளியில் அமர்ந்து தைலவர்ணத்தால் படம் எழுதுவது பெரும் பிரயாசையாகவே இருந்தது. 1841-ல் லண்டனில் வசித்த ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர், வெள்ளீயத்தால் செய்து திருகுமூடியிட்ட டியூபுக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் அந்தச் சங்கடம் பெருமளவுக்கு நீங்கியது. வர்ணம் சட்டைப்பைக்குள் அடங்கிற்று. ஓவியனும் காடு மலையென்று புறப்பட்டான். இயற்கையின் சந்நிதியிலேயே அமர்ந்து பயிலுமாறு 1855-ல் ஓவியர் ஆஷர் டுராண்ட் இளைஞர்களுக்குப் பத்திரிகைக் கடிதங்கள் எழுதியபோது, அந்த உபதேசத்தை அநுசரிப்பதற்கான சாதனம் கடையிலேயே கிடைத்தது.

இவ்வசதியை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டவர்களுள் முதல்வரிசையில் வைக்கத்தக்கவர், ஓவியர் தாமஸ் கோலிடம் பயின்ற பிரெடெரிக் எட்வின் சர்ச். தென்னமெரிக்க எரிமலைகளை இரு பிரயாணங்களில் கண்டு தீட்டியபின், 1859-ம் ஆண்டுக் கோடையில் நியூபவுண்ட்லாந்து, லாப்ரடார் கரையோரம் பனிப்பாறைகளைத் தேடிச் சென்றார். உடன் சென்ற பாதிரியார் லூயி நோபிள் அந்த யாத்திரையை ஒரு நூலாகவே எழுதிவிட்டார். ஓரிடத்தில் நில்லாமல் மிதப்பதும், சூரியன் நகர நகர நிறம் மாறுவதுமான ஒரு வஸ்துவை, அலையில் ஆடும் படகிலிருந்து எழுதுபவனுக்கு நிதானமேது? இரு கைகளால் ஏந்தத்தக்க சிறு அட்டையில் முதலில் பென்ஸிலால் விளிம்பைக் கோடிட்டு, அதன்மேல் வர்ணத்தை விரைவாக இழுத்துவிட வேண்டியதுதான். அந்த அவசரத்தினாலேயே அவ்வட்டைகளில் ஒரு ஜீவன் நிற்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அவற்றைக் கொண்டு சர்ச் தம் சித்திரசாலையில் எழுதிய படம் ஐந்தடிக்கு மேல் உயரமும் ஒன்பதடிக்கு மேல் நீளமும் உடையது. 1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட பன்னிரண்டாம் நாள், 'வடக்கு' என்ற பெயரில் அது நியூயார்க்கில் காட்சிக்கு வந்தது. அவருடைய முந்திய பெரும்படமொன்றுக்குக் கிடைத்த விலை இதற்கு அங்கே கிடைக்கவில்லை. லண்டனுக்கு அனுப்புமுன் முன்புறத்தில் ஒரு முறிந்த பாய்மரத்தைத் தீட்டிச் சேர்த்தார். பார்ப்பவர் மனம் நெகிழட்டும் என்று எண்ணினார் போலும். எனக்கு அது சற்று நாடகமாகவே படுகிறது. ரயில்வேத் துறையில் பெயர்பெற்ற எட்வர்ட் வாட்கின் அதை வாங்கி மான்செஸ்டருக்கு அருகிலிருந்த தம் மாளிகையில் மாட்டினார். மாளிகை கைமாறியது, படம் இருக்குமிடத்தைக் கலையுலகம் மறந்தேபோயிற்று.

அட்டைகளோ விற்பனைக்கென எழுதப்பட்டவை அல்ல. வாதநோய் வலக்கையை முடக்க, இடக்கையால் எழுதப் பழகிய சர்ச், ஹட்ஸன் நதிக்கு மேல் கட்டிய ஒலானா என்ற இல்லத்திலேயே தம் பயிற்சிச் சித்திரங்களில் பெரும்பாலானவற்றை வைத்திருந்தார். அவர் காலஞ்சென்று பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1917-ல், மகன் லூயி இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றை நியூயார்க் கூப்பர் யூனியன் மியூசியத்துக்கு அளித்தார். 1979-ல் மான்செஸ்டர் மாளிகையில் கண்டெடுக்கப்பட்ட பெரும்படம், அதே ஆண்டு நியூயார்க் ஏலத்தில் 25 லட்சம் டாலருக்குப் போனது. அதுவரை எந்த அமெரிக்க ஓவியமும் ஏலத்தில் அவ்வளவு பெற்றதில்லை. அப்போது அதே நகரத்தில், அதற்கு ஆதாரமான பனிப்பாறை அட்டைகள் மியூசியத்துக்கு வந்து 62 ஆண்டுகள் ஆகியிருந்தன.