லேண்ட்குரூசர் கட்சியும் பேட்ரோல் கட்சியும்

ஆஸ்திரேலியாவில் கேரவன் இழுக்க வண்டி தேடும் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு கட்சிகள் இருக்கும். ஒன்று டொயோட்டா லேண்ட்குரூசர், மற்றது நிசான் பேட்ரோல். அடிலெய்டில் எங்கள் வீட்டில் என் கணவர் முதல் கட்சி. மெல்பர்னில் இருக்கும் என் தம்பி இரண்டாவது கட்சி. “மாமா, நீங்க பேருக்குக் காசு கொடுக்கிறீங்க” என்பான் இவன். “மாப்ள, நடுக்காட்டுல நின்னா உன் வண்டிக்கு யாருடா ஸ்பேர் கொடுப்பா?” என்பார் அவர்.

நான் இங்கே எலிசபெத் புறநகர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள். அளந்து பார்க்காத எதையும் நம்பாத தொழில். ஆகவே இருவரையும் பேசவிட்டு, இந்தச் சண்டை எங்கே, எதற்காகத் தொடங்கியது என்று படிக்க ஆரம்பித்தேன். படித்துப் பார்த்ததில், இந்த வண்டிகள் ஒவ்வொரு காலத்திலும் வேறு வேறு பரீட்சை எழுதியிருக்கின்றன. பழைய பரீட்சையின் மார்க்கை வைத்துக்கொண்டு இன்றைக்கு வண்டி வாங்குகிறோம் என்பதுதான் சிக்கல்.

முதல் பரீட்சை மலையில் நடந்தது. 1949 அக்டோபர் 17 அன்று ஸ்னோயி மலைத் திட்டம் தொடங்கியது. நியூ சவுத் வேல்ஸின் தென்கோடி மலைகளில் பனி உருகிக் கடலுக்கு ஓடும் நீரை மலையைக் குடைந்து மேற்கே மரே, மரம்பிட்ஜி ஆறுகளுக்குத் திருப்புவது, போகிற வழியில் மின்சாரம் எடுப்பது என்பது திட்டம். 1974இல் முடிந்தபோது 16 பெரிய அணைகள், 7 மின்நிலையங்கள், 145 கிலோமீட்டர் சுரங்கம். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்களும் உள்ளூர்க்காரர்களுமாக லட்சம் பேருக்கு மேல் வேலை செய்தார்கள். ஆட்களையும் சாமானையும் சேற்றிலும் பனியிலும் ஏற்ற வண்டி வேண்டியிருந்தது.

அப்போதைய ராஜா லேண்ட் ரோவர். 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான பிரிட்டிஷ் வண்டி அது. போருக்குப் பிந்தைய எஃகுப் பஞ்சத்தில் அலுமினியக் கலவையில் உடம்பு செய்திருந்தார்கள். ஆனால் எஞ்சின் சின்னது, நாலு சிலிண்டர். பாரம் ஏற்றி மேடு ஏறும்போது மூச்சு வாங்கும்.

டொயோட்டா 1951இல் தன் ஃபோர் வீல் டிரைவ் வண்டியை ஃபூஜி மலையின் ஆறாவது தங்குமிடம் வரை ஏற்றிக் காட்டியிருந்தது. 1954இல் அதற்கு லேண்ட்குரூசர் என்று பெயர் வைத்தார்கள். அதைக் கொண்டுவந்து ஸ்னோயி மலை வேலையில் இறக்கியவர் குவீன்ஸ்லாந்துக் காண்ட்ராக்டர் லெஸ் தீஸ். 1950களின் கடைசியில் ஒரு ஜப்பான் வண்டியை ஆஸ்திரேலியாவில் விற்பது சாதாரணக் காரியமில்லை. டார்வின் மீது ஜப்பான் குண்டு போட்டது 1942இல். வாங்க வேண்டியவர்களில் பலர் அந்தப் போரில் சண்டை போட்டவர்கள். 1957இல் இரு நாடுகளும் வணிக ஒப்பந்தம் செய்துகொண்டதால் கதவு திறந்தது. கதவு திறந்த பிறகு வண்டியை உள்ளே இழுத்தது அதன் 3.9 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின்தான். பாரத்தோடு மேடு ஏறியது, சாயங்காலம் திரும்பி வந்தது. மலையில் பேர் வாங்கியதும் ஆட்டுப்பண்ணை, மாட்டுப்பண்ணைக்காரர்கள் வாங்க ஆரம்பித்தார்கள். பண்ணைக்காரர்கள் வாங்கியதால் தூரத்து ஊர்களிலும் டொயோட்டா ஸ்பேர் கிடைத்தது. என் கணவர் இன்றைக்கும் சொல்லும் வாதத்தின் வேர் இதுதான்.

அதாவது லேண்ட்குரூசரின் பேர் காண்ட்ராக்டர் கொடுத்த பேர். பேட்ரோலுக்குப் பேர் கொடுத்தது ஒரு குடும்பம்.

சிம்ப்சன் பாலைவனத்தில் ஏறக்குறைய 1,100 மணல்மேடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வாங்கங்குர்ரு மக்கள் கிணறுகளை நம்பி 19ஆம் நூற்றாண்டின் முடிவுவரை அதற்குள்ளேயே வாழ்ந்தவர்கள். 1936இல் டெட் கோல்சன் ஒட்டகங்களோடு அதைக் கடந்தார். மோட்டார் வண்டியில் முதலில் கடந்தது 1962இல், ரெக் ஸ்ப்ரிக் என்ற புவியியலாளர். ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடருக்கு மேற்கே எடியாகாரா குன்றுகளில் மிகத் தொன்மையான உயிரினப் படிமங்களை 1946இல் கண்டவர் இவர்தான். அந்தக் குன்றுகளின் பெயரில் இன்று புவியியலில் ஒரு காலகட்டமே இருக்கிறது. பாலைவனத்துக்கு அவர் வீரர் படை கூட்டிக்கொண்டு போகவில்லை. ஸ்காட்லாந்தில் பிறந்த மனைவி கிரிசெல்டா, பள்ளி வயது மகள் மார்கரெட், மகன் டக்ளஸ். வண்டி நிசான் பேட்ரோல் 60 சீரீஸ், 4 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்.

அந்த வண்டியின் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பழக்கமான முகமாகத் தெரிந்தது. நான் ஆவடியில் வளர்ந்தவள். ராணுவ வண்டிகள் வரிசையாகப் போகும்போது எங்கள் தெருப் பையன்கள் “ஜோங்கா, ஜோங்கா” என்று கத்துவார்கள். அந்த ஜோங்கா இதே 60 சீரீஸ் பேட்ரோல்தான். 1969 முதல் முப்பது வருஷம் ஜபல்பூர் வண்டித் தொழிற்சாலையில் இந்திய ராணுவத்துக்காகச் செய்தார்கள். அப்பாவிடம் போனில் சொன்னேன். “அந்த நீட்டு மூக்கு வண்டியா? பெட்ரோல் குடிக்குமே!” என்றார். என் தம்பிக்கு இது பிடிக்கவில்லை.

ஸ்ப்ரிக் குடும்பம் கடந்த மறுவருஷமே எண்ணெய் தேடும் பிரெஞ்சு நிறுவனத்துக்காகப் பாலைவனத்துக்குக் குறுக்கே ஒரு தடம் போட்டார்கள். இன்றைக்கும் அதற்குப் பெயர் பிரெஞ்சு லைன். ஸ்ப்ரிக் 1968இல் வட ஃபிளிண்டர்ஸில் ஆர்க்கரூலாவைச் சுற்றுலாத் தலமாகவும் காப்பிடமாகவும் ஆக்கினார். பிள்ளைகளோடு வெளிக்காட்டுக்குப் போகலாம் என்ற எண்ணம் பரவியதில் அவர் குடும்பத்துக்கும் பங்கு உண்டு.

இவ்வளவு பெயர் எடுத்தும், அறுபதுகளிலும் எழுபதுகளிலும் சாதாரண ஆஸ்திரேலியக் குடும்பம் கேரவன் இழுத்தது இந்த இரண்டு வண்டியிலும் இல்லை. 1948இல் வந்த ஹோல்டனும் 1960இல் வந்த ஃபோர்ட் ஃபால்கனும்தான் அந்த வேலையைச் செய்தன. வீட்டு கார், ஆபீஸ் கார், கல்யாணக் கார், விடுமுறைக்கு இழுவை வண்டி எல்லாம் ஒன்றே. கேரவனும் அப்போது சின்னது. கட்டில், மேஜை, ஓர் அடுப்பு, அவ்வளவுதான். கழிப்பறைக்குக் கேரவன் பார்க்குக்குத்தான் போக வேண்டும். லேண்ட்குரூசரில் மனைவியை ஏற்றி ஆயிரம் மைல் போவதென்றால் மணவாழ்க்கைக்கே பரீட்சை. பட்டை ஸ்பிரிங், எஞ்சின் இரைச்சல், ஏ.சி. கிடையாது.

பிறகு சாலைகள் வந்தன. நல்லர்பார் சமவெளியைக் கடக்கும் எயர் நெடுஞ்சாலை 1976இல் முழுக்கத் தார் ரோடானது. போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை 1987இல். தார் ரோடு வந்தால் ஃபோர் வீல் டிரைவுக்கு வேலை குறைந்திருக்க வேண்டுமல்லவா? நடந்தது வேறு. முன்னால் போகத் துணியாத குடும்பங்கள் தார் ரோட்டில் பாதி தூரம் போய்விட்டு, அங்கிருந்து பிரியும் மண் ரோட்டைப் பார்த்து ஆசைப்பட்டன. 1975இல் மெல்பர்னில் இரண்டு தொழில்கள் பிறந்தன. கேரவன் செய்யும் ஜேகோ ஒன்று. கங்காரு மோதினால் தாங்கும் முன்கம்பியும் கூரைத்தட்டும் செய்யும் ஏ.ஆர்.பி. இன்னொன்று. இரண்டும் ஒரே வீட்டு வாசலில் போய் நிற்கப்போகின்றன என்று அப்போது யாருக்குத் தெரியும்!

இரண்டாவது பரீட்சை முதுகெலும்புக்கு. இதில் நிசான் முந்தியது. 1988இல் இங்கே வந்த ஜி.க்யூ. பேட்ரோலில் நாலு சக்கரத்துக்கும் சுருள் ஸ்பிரிங். ஆக்சில் பழையபடி ஒரே கட்டை. குலுக்கலும் குறைந்தது, மேடு பள்ளத்தில் சக்கரம் தரையை விடவும் இல்லை. அதன் 4.2 லிட்டர் டீசல் எஞ்சினுக்கு இன்றும் பக்தர்கள் உண்டு. ஆஸ்திரேலிய அரசின் அந்தக் காலத்துக் கார் தொழில் கொள்கை, கம்பெனிகள் ஒருவர் வண்டியை இன்னொருவர் விற்கும்படி செய்தது. அதனால் இதே பேட்ரோலை ஃபோர்ட் நிறுவனம் மேவெரிக் என்ற பெயரில் 1994 வரை விற்றது. 1990இல் டொயோட்டாவும் சுருள் ஸ்பிரிங்கோடு 80 சீரீஸ் லேண்ட்குரூசரைக் கொண்டுவந்தது, நாலு சக்கரமும் எப்போதும் இழுக்கும் ஏற்பாட்டோடு. இன்றைய இரு கட்சிகளும் உண்மையில் இந்த இரண்டு வண்டிகளின் காலத்தில் உருவானவை. அப்போது வித்தியாசம் மயிரிழைதான். அதனால்தான் சண்டை இவ்வளவு நீண்டது.

1998இல் டொயோட்டா 100 சீரீஸில் முன் சக்கரங்களைத் தனித்தனியாகத் தொங்கவிட்டது. ரோட்டில் சொகுசு கூடியது. பழைய ஆட்கள் கோபித்துக்கொண்டு நிசான் பக்கம் சாய்ந்தார்கள். நிசானின் ஜி.யூ. பேட்ரோல் கட்டை ஆக்சிலை விடாமல் வைத்திருந்தது. 2013இல் அதே நிசான் ஒரே பாய்ச்சலில் எல்லாவற்றையும் மாற்றியது. ஒய் 62 பேட்ரோலுக்கு நாலு சக்கரமும் தனித்தனி, 5.6 லிட்டர் பெட்ரோல் வி8, 298 கிலோவாட். டீசலே கிடையாது. நேற்றுவரை “டீசல்தான் வண்டி” என்று சொன்ன பேட்ரோல் கட்சிக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்ரோலின் பெருமையைப் பேச ஆரம்பித்தார்கள். என் தம்பியும் அதில் ஒருவன். கட்சி மாறாமல் கொள்கையை மாற்றுவது நம் ஊருக்குப் புதிதா என்ன?

இதற்குள் இன்னொன்று நடந்தது. 2016 அக்டோபரில் ஃபோர்ட் இங்கே கார் செய்வதை நிறுத்தியது. 2017 அக்டோபரில் டொயோட்டாவின் ஆல்டோனா ஆலையும், எங்கள் எலிசபெத்தில் ஹோல்டன் ஆலையும் மூடின. கடைசி ஃபால்கன் தகுந்த கொக்கி பொருத்தினால் 2,300 கிலோ இழுக்கும். அந்த வகைப் பெரிய செடான் இனமே கடையிலிருந்து மறைந்தது. அதே காலத்தில் கேரவனுக்குள் கழிப்பறை வந்தது, ஷவர், துணி துவைக்கும் மிஷின், ஏ.சி. வந்தன. மூன்று டன் கேரவன் சாதாரணமானது. இழுக்க மிஞ்சியவை இந்தப் பெரிய வண்டிகளும் சில பிக்கப்புகளும்தான். மலை ஏறப் பிறந்த வண்டிகளுக்குச் சமதளத்தில் வீடு இழுக்கும் உத்தியோகம் கிடைத்தது.

எனவே மூன்றாவது பரீட்சை எடை. இங்கேதான் என் வேலைப் பழக்கம் விழித்துக்கொண்டது. லேண்ட்குரூசர், பேட்ரோல் இரண்டின் விளம்பரத்திலும் 3,500 கிலோ இழுக்கலாம் என்று இருக்கும். உண்மைதான். ஆனால் கேரவனின் மூக்கு வண்டியின் கொக்கியில் உட்காருகிறது. ஆடாமல் ஓட, கேரவன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்தக் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது இங்கத்திய பொது விதி. மூன்று டன் கேரவன் என்றால் 300 கிலோ. அது வண்டி சுமக்கும் பாரத்தில் சேர்த்தி.

100க்கு அடுத்து வந்த 200 சீரீஸ் லேண்ட்குரூசருக்கு ஆள், சாமான் எல்லாம் சேர்த்து அனுமதித்த மொத்த எடை 3,350 கிலோ. காலி வண்டியே ஏறக்குறைய 2,700. மிச்சம் 650. கொக்கிக்கு 300 போனால் 350. நான், கணவர், மாமியார், மகள் ஏறினால் இன்னும் 270 போகும். மிச்சம் 80 கிலோவில் முன்கம்பி, ஃபிரிட்ஜ், இரண்டாவது பேட்டரி, மாமியாரின் கிரைண்டர். 2021இல் வந்த 300 சீரீஸில் இன்னொரு நுணுக்கம். வண்டிக்கு அனுமதி 3,280, இழுவைக்கு 3,500. கூட்டினால் 6,780. இரண்டும் சேர்ந்து இருக்கலாம் என்று அனுமதித்ததோ 6,750. ஆனால் கொக்கியில் இறங்கும் எடை இந்தக் கூட்டலில் இரண்டு முறை வருகிறது; அதை ஒருமுறை மட்டும் எண்ணினால் 6,750ஐத் தொடும் முன்பே வண்டியின் 3,280 நிரம்பிவிடும். பேட்ரோலின் கணக்கு விவரத்தில் மாறும், தன்மையில் மாறாது.

இந்தக் கணக்கு எழுதிய தாளைச் சமையலறை மேஜையில் வைத்ததும் இரண்டு கட்சியும் கொஞ்சம் அடங்கின. அரைமணி நேரம் யோசித்துவிட்டு மாமியார்தான் கேட்டார்: “வண்டியைப் பெருசாக்கறதுக்குப் பதிலா வீட்டைச் சின்னதாக்கினா என்னம்மா?” துவைக்கும் மிஷினும் இரண்டாவது கட்டிலும் இல்லாத, சாமானோடு 2,200 கிலோவுக்குள் அடங்கும் கேரவனைப் பார்த்தோம். கொக்கிக்கு 220 கிலோ. அதற்குப் பிறகு இரண்டு வண்டியும் பாஸ்.

ஊர் சுற்ற வருஷக்கணக்கில் கிளம்புகிறவர்களுக்கு நான் லேண்ட்குரூசரைச் சொல்வேன். டீசல் குறைவாகச் செலவாகும், தூரத்து ஊர்களில் ஸ்பேர் கிடைக்கும், மெக்கானிக்கும் கிடைப்பார். ஸ்னோயி மலையில் வாங்கிய பேர் அங்கே இன்னும் செல்லும். நாங்கள் பள்ளி விடுமுறைக்கு மட்டும் போகிறவர்கள். பெட்ரோல் கூடுதலாகக் குடித்தாலும், வாங்கும் விலையில் மிச்சமாகும் பணத்தில் பல வருஷப் பெட்ரோல் போட்டுவிடலாம். அதனால் பேட்ரோல் வாங்கினோம். தம்பி தன் கட்சி ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். உண்மையில் ஜெயித்தது மாமியார். கிரைண்டரை மட்டும் அவர் வீட்டில் விட்டுவர மாட்டேன் என்கிறார். அது 11 கிலோ, அதையும் கணக்கில் சேர்த்துவிட்டேன்.