கூரை ஒழுகுகிறது, வீட்டுக்காரர் கண்டுகொள்ளவில்லை: என்ன செய்யலாம்?

கெடாவில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை வலுக்கும். சுங்கைப்பட்டாணி, கூலிம், பாலிங் வட்டாரங்களில் புயல் காற்று வீசி, கூரைத் தகரம் பறந்தது என்ற செய்தியும் அடிக்கடி வரும். சொந்த வீடு என்றால் கையிலிருக்கும் பணத்தைப் போட்டுச் சரிசெய்து கொள்ளலாம். வாடகை வீட்டிலும் தோட்டத்து வீட்டிலும் இருப்பவர்கள் இன்னொருவரின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். "நாளைக்கு ஆள் அனுப்புகிறேன்" என்று சொல்லியே மாதங்கள் ஓடிவிடும். அந்த நிலையில் சட்டப்படி என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். பட்டணத்தில் வாடகை வீடு என்பது வேறு, தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடு என்பது வேறு. இரண்டுக்கும் சட்டமும் வேறு, புகார் செய்யும் இடமும் வேறு.

வாடகை வீடு: ஒப்பந்தம்தான் அடிப்படை

இங்கிலாந்தில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவி பழுதானால், அதைச் சரிசெய்வது வீட்டு உரிமையாளரின் கடமை என்று 1985ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. குறுகிய கால வாடகை வீடுகளில் கூரை, சுவர், குழாய், மின்சாரம் ஆகியவையும் அதில் அடங்கும். மலேசியாவில் குடியிருப்பு வாடகைக்கென்று அப்படி ஒரு தனிச் சட்டம் இன்னும் நடப்பில் இல்லை. அதைக் கொண்டு வருவது பற்றி பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. அதுவரை வாடகைத் தகராறுகள் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் போன்ற பொதுவான சட்டங்களின் கீழ்தான் தீர்க்கப்படுகின்றன.

ஆகவே, பழுதை யார் பார்க்க வேண்டும் என்பதற்கு முதல் ஆதாரம் உங்கள் வாடகை ஒப்பந்தம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் கூரை, சுவர், முதன்மைக் குழாய், வயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு என்றும், பல்பு, பைப்புத் தலை போன்ற சின்னச் சின்ன வேலைகள் வாடகைக்காரர் பொறுப்பு என்றும் எழுதியிருக்கும். தீயாலோ புயலாலோ வீடு குடியிருக்க முடியாமல் போனால், அந்தக் காலத்துக்கு வாடகை நிறுத்தி வைக்கப்படும் என்ற விதியும் பலவற்றில் உண்டு. கையெழுத்துப் போடும் முன் இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். குடியேறிய பிறகு கேட்பதைவிட அப்போது கேட்பது எளிது.

எழுத்து ஒப்பந்தமே இல்லாமல் வாய்ப்பேச்சில் வாடகைக்கு இருப்பவர்கள் நம் மக்களில் ஏராளம். மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகை வாய்மொழியாக இருந்தாலும் சட்டப்படி செல்லும். ஆனால் "கூரையை நான் பார்த்துக் கொள்கிறேன்" என்று உரிமையாளர் சொன்னதை நிரூபிப்பது கடினம். அப்படி இருப்பவர்கள் வாடகை கட்டிய ரசீது, வங்கிப் பரிமாற்றப் பதிவு, புலனச் செய்திகள் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதற்கு முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு, ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட் என்பது கணக்கு. மாதம் 700 ரிங்கிட் வாடகை என்றால் ஆண்டுக்கு 8,400 ரிங்கிட். அதற்கு வரி 34 ரிங்கிட் அளவில் வரும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. பின்னால் முத்திரையிடப் போனால் அபராதமும் சேரும்.

வாடகையை நிறுத்தலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. "கூரையைச் செய்யும் வரை வாடகை இல்லை" என்று சொல்வது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் ஒப்பந்தத்தில் அதற்கு இடமில்லை என்றால், வாடகையை நிறுத்தியவுடன் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களாகி விடுகிறீர்கள். 1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரஸ் சட்டத்தின்படி, வாடகைப் பாக்கிக்காக உரிமையாளர் நீதிமன்றக் கட்டளை பெற்று, வீட்டில் இருக்கும் பொருள்களைப் பறிமுதல் செய்ய வைக்க முடியும். ஒழுகும் கூரைக்காக ஆரம்பித்த சண்டை, நாம் பாக்கிக்காரராக நிற்பதில் போய் முடியும்.

நீங்களே ஆள் வைத்துச் செய்து, செலவை வாடகையில் கழிப்பதும் அப்படித்தான். உரிமையாளரின் ஒப்புதல் எழுத்தில் இருந்தால் மட்டுமே கழிக்கலாம். முதலில் குத்தகைக்காரரிடம் விலைக் குறிப்பு வாங்கி அனுப்புங்கள். "850 ரிங்கிட் ஆகும், அடுத்த மாத வாடகையில் கழித்துக் கொள்ளலாமா?" என்று கேளுங்கள். அவர் புலனத்தில் "சரி" என்று பதில் போட்டால் அதுவே போதும். போனில் சொன்னால், பேசி முடித்ததும் "நீங்கள் சொன்னபடி 850 ரிங்கிட்டைக் கழித்துக் கொள்கிறேன்" என்று நீங்களே ஒரு செய்தி அனுப்பி வையுங்கள்.

படிப்படியாகச் செய்ய வேண்டியவை

முதல் படி, ஆதாரம். ஒழுகும் இடம், நனைந்த மெத்தை, பூஞ்சை பிடித்த சுவர் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படம் எடுங்கள். மழை பெய்யும்போது எடுத்த ஒரு காணொளி நிறைய பேசும்.

இரண்டாம் படி, எழுத்தில் தெரிவிப்பது. வாயால் பத்து முறை சொன்னதற்குக் கணக்கில்லை. சிறிய கடிதம் போதும்:

"தங்களுடைய இந்த முகவரி வீட்டில் நான் வாடகைக்கு இருக்கிறேன். இந்தத் தேதியிலிருந்து முன்னறையிலும் சமையலறையிலும் கூரை ஒழுகுகிறது. இந்தத் தேதிகளில் தங்களிடம் தெரிவித்தேன். ஒப்பந்தத்தின் இந்த விதிப்படி கூரை தங்கள் பொறுப்பு. 14 நாள்களுக்குள் சரிசெய்து தரும்படி கேட்டுக் கொள்கிறேன். வாடகையைத் தொடர்ந்து கட்டி வருகிறேன். படங்கள் இணைக்கப்பட்டுள்ளன."

இதை மலாய் மொழியில் எழுதினால் பின்னால் நீதிமன்றத்தில் காட்ட வசதி. புலனத்தில் அனுப்பி, பதிவுத் தபாலிலும் ஒரு படி அனுப்புங்கள். மின்கசிவு, இடிந்து விழும் கூரை போன்ற ஆபத்து என்றால் 14 நாள் காத்திருக்க வேண்டாம். ஓரிரு நாள் கெடு கொடுங்கள். தண்ணீர் மின்பெட்டியில் இறங்கினால் மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு, தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்கு அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

மூன்றாம் படி, வெளியார் உதவி. கட்டடம் ஆபத்தான நிலையில் இருந்தால் நகராண்மைக் கழகத்திடம் புகார் செய்யலாம். அடுக்குமாடி வீட்டில் மேல்வீட்டிலிருந்து ஒழுகுகிறது என்றால், கட்டட நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கொடுங்கள். புகார் கிடைத்த 7 நாள்களுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாக விதி. வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை, ஒழுகலுக்குக் காரணம் மேல்வீடுதான் என்று சட்டம் எடுத்துக் கொள்ளும்.

நான்காம் படி, சிறு வழக்கு. 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு வக்கீல் இல்லாமலேயே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். 198ஆம் பாரத்தை நீங்களே நிரப்பலாம். நனைந்து கெட்ட பொருள்கள், கையிலிருந்து செய்த செலவு, திருப்பித் தராத டெபாசிட் போன்றவற்றுக்கு இது பொருந்தும். எதிராளிக்குப் பதில் தர 14 நாள். ஒப்பந்தம் மீறப்பட்டதிலிருந்து ஆறு ஆண்டுகள் வரை வழக்குப் போட முடியும். பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா என்று பலர் கேட்பதுண்டு. நிலம், வீடு மீதான உரிமைச் சிக்கல்கள் அதன் வரம்புக்குள் வராது என்பதால், வாடகைத் தகராறுக்குச் சிறு வழக்கே பாதுகாப்பான வழி.

பூட்டை மாற்றினால்?

புகார் செய்ததும் "வீட்டைக் காலி செய்" என்று மிரட்டும் உரிமையாளர்களும் உண்டு. வாடகைக் காலம் முடிந்த பிறகும் குடியிருப்பவரை நீதிமன்ற ஆணை இல்லாமல் வெளியேற்ற முடியாது என்று 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது எல்லாம் அதற்கு எதிரானவை. சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டவர் வீட்டைத் திரும்பப் பெற, 8ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று சொன்னாலும் ஒரு புகார் பதிவு செய்து, அதன் படியை வாங்கி வையுங்கள்.

தோட்டத்து வீடு: பொறுப்பு நிர்வாகத்துடையது

பீடோங், பாடாங் செராய், கோலக்கெட்டில் பக்கம் தோட்டத்து வீடுகளில் இருப்பவர்களுக்குச் சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. தொழிலாளர் குடியிருப்பு குறைந்தபட்சத் தரச் சட்டம், அதாவது 446ஆம் சட்டம், 1990இல் வந்தது. 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. ஆனால் அது பிறந்ததே தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும்தான்.

தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் முதலாளி, இலவசமாகப் போதிய குழாய்த் தண்ணீர் தர வேண்டும், போதிய மின்சார வசதி செய்ய வேண்டும், கட்டடத்தை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை. லயத்துக் கூரை ஒழுகுவதைச் சரிசெய்வது நிர்வாகம் காட்டும் தயவு அல்ல, சட்டக் கடமை.

புகாரை முதலில் நிர்வாகியிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு படியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கிராணியிடம் வாயால் சொல்லிவிட்டு வருவது போதாது. ஒருவராகப் போகத் தயங்கினால் அந்த வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போடலாம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர் என்றால் தோட்டத் தலைவர் மூலம் சங்கத்துக்குக் கொண்டு செல்லலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் மனிதவள அமைச்சின் கீழ் உள்ள தொழிலாளர் இலாகாவிடம் புகார் செய்யலாம். குடியிருப்பைச் சோதிக்கும் அதிகாரம் அதன் அதிகாரிகளுக்கு உண்டு.

ஓய்வு பெற்ற பிறகும் தோட்டத்து வீட்டில் தொடர்ந்து இருப்பவர்களின் நிலை வேறு. 446ஆம் சட்டம் வேலையில் இருக்கும் தொழிலாளியையும் அவர் குடும்பத்தையும் முன்வைத்து எழுதப்பட்டது. அவர்கள் பழுது பற்றி எழுதும் முன்பே, எந்த அடிப்படையில் அந்த வீட்டில் இருக்கிறோம் என்பதற்கான கடிதம், ரசீது ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால் கிடப்பில் போட வேண்டாம். சட்ட உதவி இலாகாவிலோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ உடனே காட்டி ஆலோசனை பெறுங்கள்.

வீட்டில் ஒரு கோப்பு

இரண்டு வகை வீட்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஒப்பந்தம் அல்லது வேலைக் கடிதம், டெபாசிட் ரசீது, மாத வாடகைப் பதிவு, தேதியோடு படங்கள், அனுப்பிய கடிதங்களின் படி, செலவு ரசீதுகள் ஆகியவை ஒரே கோப்பில் இருக்கட்டும். வீட்டுக்குள் நுழைந்த அன்றே ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து அதில் சேர்த்துவிடுங்கள். பழுது வந்தால் மட்டுமல்ல, வீட்டைக் காலி செய்து டெபாசிட்டைத் திரும்பக் கேட்கும் நாளிலும் அந்தப் படங்கள் உதவும்.