எரிந்த நூலகமும் எங்கள் வீட்டுப் பெட்டிகளும்



1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஏட்டுச்சுவடிகளும் அவற்றோடு எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை மீளவே இல்லை.

ஒன்பது ஆண்டுகளின் பின் 1990 ஒக்டோபர் 30. எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். சோனகத் தெருவில் எங்கள் உம்மாமார் பிள்ளைகளைத் தூக்கினார்கள். பெட்டிகள் வீட்டில் நின்றன. அவற்றுக்குள் காணி உறுதி, நிக்காஹ் பதிவு, அரபுத் தமிழ்க் கிதாபு, கலியாணப் படம். பொது நூலகத்தின் இழப்பை உலகம் அறியும். இந்தப் பெட்டிகளில் என்ன இருந்தது என்பதற்கு ஒரு பட்டியல்கூட எங்களிடம் இல்லை.

2005 இல் சில இளைஞர்கள் தன்னார்வமாகத் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தை நாம் பலரும் பார்த்திருப்போம். இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்கள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள் எல்லாம் அங்கே இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. அதைச் சாத்தியமாக்கியது ஸ்கேனர் மட்டுமல்ல, அந்த வேலையைப் பழகிய ஆட்கள்.

“ஃபோனில் படம் எடுத்து வைத்திருக்கிறோம், போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. உக்கிய கொப்பியை அழுத்தி விரித்தால் தையல் பிரியும். ஏட்டில் எழுத்து வெறும் கீறல். மை பூசித் துடைத்தால்தான் படத்தில் தெரியும். அங்குலத்துக்கு 300 புள்ளிகளாவது வேண்டும். சுருக்காத மூலப் படம் ஒன்று, வாசிக்க பிடிஎஃப் ஒன்று. யாருடையது, எந்த ஆண்டு, எந்தத் தெரு என்ற விபரம் கூடவே பதியப்பட வேண்டும். அது இல்லாவிட்டால் பத்து வருடத்தில் யாருக்கும் விளங்காத படமாகிவிடும். கடைசியாக, மூன்று பிரதிகள். அதில் ஒன்று வேறு ஊரில். ஒரே கட்டடத்தில் ஒரே பிரதி என்றால் என்ன நடக்கும் என்று யாழ்ப்பாணத்துக்குச் சொல்லத் தேவையில்லை.

இவை சில நாள் பயிற்சியில் பழகக்கூடியவை. பாடசாலை நூலகப் பொறுப்பாசிரியர், வாசிகசாலைப் பொறுப்பாளர், பள்ளிவாசல் கணக்கு எழுதுபவர், உயர்தரம் முடித்த இரண்டு பிள்ளைகள் என ஊருக்கு நாலு பேர் பழகினால் போதும். வெளியிலிருந்து வருபவர் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்தப் படத்தில் நிற்பது யார் என்று எங்கள் மூத்தம்மாவிடம் கேட்டு எழுத எங்கள் பிள்ளைதான் வேண்டும்.

அசனாலெப்பைப் புலவர் பாடிய ஊர் இது. அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911 இல் பிறந்த மண் இது. நாளை ஒருவர் “இங்கே முஸ்லிம்கள் எப்படி வாழ்ந்தார்கள்?” என்று கேட்டால் காட்டுவதற்குத் தாள் வேண்டும்.

புத்தளத்திலோ கொழும்பிலோ உங்கள் வீட்டு அலுமாரியில் யாழ்ப்பாணத்துப் பழைய கடதாசி ஏதும் இருந்தால் வீசிவிடாதீர்கள், லெமினேட்டும் செய்யாதீர்கள். உலர்ந்த இடத்தில் வைத்து, அது யாருடையது என்பதை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். சொல்லக்கூடிய பெரியவர்கள் எங்களோடு இருக்கும்போதே அதைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.