நாணயமும் சிபிலும்: ஒரு பழைய காரின் பின்கதை

2025 ஆகஸ்டில் கிள்ளையிலிருந்து என் பள்ளித் தோழன் வீட்டுக்கு வந்தான். பெயர் இங்கே வேண்டாம். பத்து வருஷமாக அடுத்தவர் காரை ஓட்டுகிறவன். சிதம்பரம் ரயிலடியில் இறங்குகிறவர்களை நடராஜர் கோயிலுக்குக் கூட்டிப்போவான். அங்கிருந்து பிச்சாவரம் படகுத்துறையில் கொண்டுபோய் விடுவான். அவர்கள் சுரபுன்னைக் காட்டைச் சுற்றிப் பார்த்து வரும்வரை காத்திருந்து திரும்ப ஏற்றி வருவான். இதுதான் பிழைப்பு. எட்டு வருஷம் ஓடிய டி போர்டு வண்டி ஒன்று நாலு லட்சத்துக்கு வருகிறதாம். கையில் ஒரு லட்சம் இருக்கிறது. மீதிக்குக் கடன் வேண்டும்.

"பேங்க்ல கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, 'உங்களுக்கு சிபில் இல்லைங்க'ன்னு சொல்லிட்டாங்கடா. என்ன இல்லை? நான்தான் எதிர்லயே உட்கார்ந்திருக்கேனே."

சிரிப்பு வந்தது. ஆனால் அவன் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆள் எதிரே இருக்கும்போது ஆளைப் பார்க்காமல் எண்ணைப் பார்க்கும் வழக்கம் எப்போது வந்தது? அதற்கு முன்னால் நம் ஊரில் வண்டிக்குக் கடன் எப்படிக் கொடுத்தார்கள்? அதைத் தேடிச் சேர்த்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் அவனுடைய கடன் அறிக்கையைத் தரவிறக்கிப் பார்த்தோம். 2017 முதல் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பலருக்கு இது தெரியாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று அப்படி நான்கு நிறுவனங்கள் உண்டு. மதிப்பெண் 300-ல் தொடங்கி 900-ல் முடியும். இவனுக்கு 611.

ஏன் 611? அறிக்கைக்குள் மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். தவணையை எத்தனை நாள் தாமதமாகக் கட்டினீர்கள் என்பது அதில் பதிவாகும். நாள் தவறாமல் கட்டினால் 000. இவனுடைய பைக் கடனில் வரிசையாக 000 இருந்தது. 2024 டிசம்பரில் ஒரு தாமதம், 2025 ஜனவரியில் அதைவிடப் பெரிய தாமதம். பிறகு மறுபடி 000.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த டிசம்பரை விளக்க வேண்டியதில்லை. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரை மூழ்கடித்தது. பிச்சாவரம் பக்கம் சுற்றுலா ஆட்கள் வரத்து நின்றது. சவாரி இல்லை, இவனுக்குப் படியும் இல்லை. கட்டத்தில் எண் விழுந்ததற்குக் காரணம் அவ்வளவுதான். ஆனால் காரணம் எழுத அந்தக் கட்டத்தில் இடம் கிடையாது.

இரண்டாவது காரணத்தை அவனே எதிர்பார்க்கவில்லை. சகலையின் டிராக்டர் கடனுக்கு ஷ்யூரிட்டி கையெழுத்துப் போட்டிருந்தான். சகலை ஏழெட்டு மாதமாகத் தவணை கட்டவில்லை. அந்தக் கணக்கு 'கேரண்டர்' என்ற குறிப்போடு இவன் அறிக்கையிலும் உட்கார்ந்திருந்தது. "கையெழுத்துதானே போட்டேன், காசா வாங்கினேன்?" என்றான். சட்டத்தின் பார்வையில் ஜாமீன் போட்டவரும் கடனுக்குப் பொறுப்பாளிதான்.

அறிக்கையில் இல்லாதது ஒன்றும் உண்டு. பன்னிரண்டு வருஷமாக இவன் ஏலச்சீட்டு கட்டுகிறான். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அதைப் பற்றி ஒரு வரிகூட அதில் கிடையாது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று காசு, இன்னொன்று நேர்மை. 'நாணயமான ஆள்' என்று ஊர் சொன்னால் அவருக்குக் கைமாத்து கிடைக்கும், கடையில் பற்று எழுதுவார்கள். அந்தக் காலத்து மதிப்பெண் அதுதான். கிராமப்புறக் கடனை முறைப்படுத்த வந்த முதல் முயற்சிகளும் இதே அடிப்படையில்தான் நின்றன. சென்னை மாகாணத்தில் ஃபிரெடெரிக் நிக்கல்சன் 1890-களில் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் சங்கம் பதிவானது. ஒருவரை ஒருவர் அறிந்த ஊர்க்காரர்கள் ஒருவருக்கு ஒருவர் பொறுப்பேற்பதுதான் அதன் ஆதாரம்.

வண்டிக்குக் கடன் என்பது இதிலிருந்து ஒரு படி விலகியது. இங்கே ஆளின் நாணயத்தோடு வண்டியும் ஈடாக நிற்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1919-லேயே தவணைக்குக் கார் கொடுக்கத் தனி நிறுவனம் தொடங்கியது. தமிழ்நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது, டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகன் டி.எஸ். சந்தானம் 1954-ல் இரண்டு லட்சம் ரூபாய் மூலதனத்தில் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ். அப்போது நடந்தது ஹயர் பர்ச்சேஸ் முறை. கடைசித் தவணை கட்டும்வரை சட்டப்படி வண்டி ஃபைனான்ஸ் கம்பெனிக்குச் சொந்தம், ஓட்டுகிறவர் வாடகைக்கு வைத்திருப்பது போல. இதை ஒழுங்குபடுத்த 1972-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டது. ஆனால் அது நடைமுறைக்கு வரவேயில்லை. 2005-ல் அதை நீக்கியே விட்டார்கள். இன்று பெரும்பாலும் வண்டி உங்கள் பெயரில் இருக்கும், ஆர்.சி. புக்கில் கடன் கொடுத்தவர் பெயரும் ஏறும். எல்லாம் கட்டி முடித்து என்.ஓ.சி. வாங்கி ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதை நீக்குவதை இன்றும் நம் ஆட்கள் 'ஹெச்.பி. கேன்சல்' என்றுதான் சொல்கிறார்கள். பழைய முறை போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

புது வண்டி வாங்க வசதி இருந்தவர்களுக்கு இது சரி. லாரியில் டிரைவராக இருந்து, அந்தப் பழைய லாரியையே வாங்க ஆசைப்பட்டவருக்கு? அவரை வங்கிகள் அண்ட விடவில்லை. சம்பளச் சீட்டு இல்லை, வீட்டுப் பத்திரம் இல்லை, வருஷத்தில் பாதி நாள் ஊரிலேயே இருக்க மாட்டார். மீட்டர் வட்டிக்காரர்தான் கதி. இந்த இடத்தில் வருகிறார் ஆர். தியாகராஜன். கணிதம் படித்தவர், கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திலும் படித்தவர், 1961 முதல் காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்தவர். 1974-ல் நண்பர்களோடு சென்னையில் ஸ்ரீராம் சிட்ஸ் தொடங்கினார். 1979-ல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் வந்தது. பழைய லாரி வாங்கும் டிரைவர்களுக்குக் கடன் கொடுப்பதுதான் அதன் முக்கியத் தொழிலாக வளர்ந்தது.

புள்ளியியல் படித்த ஒருவர், வங்கிகள் ஆபத்து என்று ஒதுக்கிய கூட்டத்துக்குக் கடன் கொடுத்தார் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். எல்லாரும் பயப்படுவதாலேயே அது ஆபத்து ஆகிவிடாது என்பது அவர் கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு மேஜையில் உட்கார்ந்து போடுவதல்ல. கிளை ஆள் நேரில் போவார். வண்டியின் எஞ்சினைப் பார்ப்பார். எந்த ரூட்டில் ஓட்டப் போகிறார், மாதம் எத்தனை டிரிப் என்று கேட்பார். இன்னொரு லாரிக்காரர் ஜாமீன் நிற்பார். இந்தியாவில் சிபில் நிறுவனம் தொடங்கியது 2000-ல். கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005-ல். எல்லாக் கடன் நிறுவனங்களும் நான்கு தகவல் நிறுவனங்களிலும் உறுப்பினராக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது 2015-ல். ஆக, மதிப்பெண் என்ற ஒன்றே இல்லாத இருபது ஆண்டுகளில், கடன் வரலாறு இல்லாத ஆட்களை நம்பி ஒரு பெரிய தொழில் இங்கே வளர்ந்து நின்றிருக்கிறது.

'அப்படியென்றால் பழையதே நல்லது' என்று முடித்துவிடலாம். நானும் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். பிறகு பிச்சாவரத்தையே நினைத்துப் பார்த்தேன்.

ஆள் முகம் பார்த்துக் கடன் என்றால், யார் முகம்? கிள்ளை, பிச்சாவரம் பக்கம் வாய்க்கால்களில் கையால் துழாவி மீனும் இறாலும் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் ஒருவருக்கு அந்தக் காலத்தில் யார் ஜாமீன் போட்டிருப்பார்? 'நாணயமான ஆள்' என்ற ஊர்ச் சான்றிதழில் சாதியும் நிலமும் கண்ணுக்குத் தெரியாத மையில் எழுதியிருந்தன. உலகம் முழுக்க இதே கதைதான். நியூயார்க்கில் 1841-ல் லூயிஸ் டப்பன் தொடங்கிய வணிகத் தகவல் நிறுவனத்தின் பேரேடுகளில், வியாபாரி குடிப்பாரா, குடும்பம் எப்படி என்றெல்லாம் அடுத்தவர் அபிப்பிராயங்கள்தான் நிறைந்திருந்தன. 1956-ல் ஃபேர், ஐசக் என்ற இருவர் தொடங்கிய நிறுவனம் அந்த அபிப்பிராயங்களின் இடத்தில் எண்ணைக் கொண்டு வந்தது. எண்ணுக்கு உங்கள் சாதி தெரியாது, தெரு தெரியாது. அது சிறிய விஷயம் இல்லை.

முகம் பார்த்துக் கொடுத்தவர்கள் வசூலிக்கும்போது எப்படி நடந்துகொண்டார்கள் என்பதும் நமக்குத் தெரியும். ரெண்டு டியூ தவறினால் நடுரோட்டில் சாவியைப் பிடுங்கி 'சீஸ்' செய்வது சாதாரணமாக நடந்தது. கடனை வசூலிக்க அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கக் கூடாது என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாடு 2003-ல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

எனவே என் முடிவு இதுதான். முகம், 'யார்?' என்று கேட்டது. எண், 'எத்தனை நாள்?' என்று கேட்கிறது. கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி 'ஏன்?'. 2004-ல் சுனாமி, 2011-ல் தானே, 2015-ல் வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் என்று நாட்காட்டி வைத்திருக்கும் ஒரு மாவட்டத்தில் 'ஏன்' என்று கேட்காத அளவுகோல் எதுவாக இருந்தாலும், அது ஆளை அளப்பதாக நினைத்துக்கொண்டு வானிலையை அளந்துகொண்டிருக்கிறது.

இனி தோழன் கதை. அவனுக்கு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் தர முன்வந்தார்கள். கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்தார். டயரைப் பார்த்தார், டீக்கடையில் விசாரித்தார். கடைசியில் கேட்டார்: "டிசம்பர்ல ஏங்க லேட்டு?" இவன் சொன்னான். அவரும் கடலூர்க்காரர்தான், தலையாட்டினார்.

அந்தக் கேள்விக்கு ஒரு விலையும் இருந்தது. 3 லட்சம், 3 வருஷம், '12 பர்சென்ட்தான் சார், ஃபிளாட்' என்றார். கணக்குப் போட்டேன். வட்டி மட்டும் 1,08,000. மாதம் சுமார் 11,333. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில் பார்த்தால் இது ஏறக்குறைய 21 சதவீதம். காரணம் எளிது. பாதி அசலைத் திருப்பிக் கட்டிய பிறகும் முழு மூன்று லட்சத்துக்கே வட்டி ஓடுகிறது. 2024 அக்டோபர் முதல் இப்படிப்பட்ட கடன்களுக்கு உண்மையான ஆண்டுச் செலவு விகிதத்தைக் காட்டும் முக்கியத் தகவல் அறிக்கை ஒன்றைக் கையில் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். மதிப்பெண் குறைந்தவர்கள் கூச்சத்தில் கேட்பதில்லை.

தெரிந்துகொண்ட இன்னும் இரண்டு விஷயம். அறிக்கையில் தவறு இருந்தால் புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. முதல்முறை கடன் கேட்பவரை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. 'வரலாறு இல்லை' வேறு, 'வரலாறு மோசம்' வேறு. கவுண்டரில் இரண்டையும் சேர்த்து 'சிபில் இல்லை' என்று சொல்லிவிடுகிறார்கள்.

தோழன் அவசரப்படவில்லை. சீட்டை ஏலம் எடுத்து ஒரு லட்சம் சேர்த்தான். அறிக்கையில் பதியாத அந்தச் சீட்டுதான் கடனை மூன்றிலிருந்து இரண்டு லட்சமாகக் குறைத்தது. சகலையோடு சண்டை போட்டு டிராக்டர் பாக்கியில் கொஞ்சம் கட்ட வைத்தான். வட்டியும் பேசிக் கொஞ்சம் குறைந்தது.

கடைசியில் கம்பெனி ஆள் ஒன்று கேட்டார்: ஒரு ஷ்யூரிட்டி வேண்டும்.

தோழன் என்னைப் பார்த்தான். ஆனால் வாயைத் திறந்து கேட்கவில்லை. ஷ்யூரிட்டி கையெழுத்து என்ன செய்யும் என்று அவனுக்கு நான்தான் படித்துக் காட்டியிருந்தேன். வீட்டில் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. அடுத்த புயல் எந்த நவம்பரில் வரும் என்று யாருக்குத் தெரியும்?

கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு மாதமும் 7-ம் தேதி டியூ. இதுவரை தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிச்சாவரத்துக்கு ரெண்டு சவாரி கிடைக்கிறதாம்.