பென்சில் பிடிக்கக் கற்றுத்தர ஒரு உத்தியோகமா?

34 வருஷம் நான் பார்த்த வேலையின் பெயரை ஒரு தடவை சொன்னால் யாருக்கும் புரிந்ததில்லை. ஆக்குபேஷனல் தெரபி. தமிழில் சிலர் 'தொழில்வழி சிகிச்சை' என்று எழுதுவார்கள், சிலர் 'செயல்முறை சிகிச்சை' என்பார்கள். முதல் பெயரைக் கேட்டவர்கள் நான் கூடை முடையவும் மெழுகுவர்த்தி செய்யவும் சொல்லிக்கொடுப்பவள் என்று நினைத்துக்கொள்வார்கள். என் மாமியார் உறவுக்காரர்களிடம் கடைசிவரை "பிசியோ மாதிரி, ஆனா பிசியோ இல்ல" என்றுதான் சொன்னார். அதுகூடப் பரவாயில்லை.

அந்த 34 வருஷத்தில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடங்களில் கழிந்தது என்று சொன்னால் குழப்பம் இன்னும் கூடும். ஆஸ்பத்திரி என்றால் சரி, பள்ளிக்கூடத்தில் உனக்கென்ன வேலை? நியாயமான கேள்விதான். எங்கள் ஆட்கள் வகுப்பறைக்குள் நுழைந்த கதை எங்கள் துறை மாணவர்களுக்கே சரியாகத் தெரிவதில்லை. அதனால் தெரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

1917 மார்ச் மாதம், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஒரு வீட்டில் சிலர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். வீட்டுக்காரர் ஜார்ஜ் பார்ட்டன். டாக்டர் இல்லை, கட்டடக் கலைஞர். காசநோயால் அவதிப்பட்டவர், ஒரு பாதத்தின் பகுதியை இழந்தவர், இடது பக்கம் செயலிழந்து படுத்தவர். தோட்ட வேலையும் தச்சு வேலையும் செய்தே தன்னை மறுபடி எழுந்து நிற்க வைத்துக்கொண்டார். வந்தவர்களில் எலினார் கிளார்க் ஸ்லேகிள் சமூக சேவகி, வில்லியம் ரஷ் டன்டன் மனநல மருத்துவர். இங்கே 'ஆக்குபேஷன்' என்றால் சம்பளம் வாங்கும் உத்தியோகம் இல்லை. ஒரு மனிதரின் பொழுதை நிறைக்கிற காரியங்கள் எல்லாமே ஆக்குபேஷன்தான். குளிப்பது, சட்டை போடுவது, சமைப்பது. குழந்தைக்கு என்றால் விளையாடுவது, சாப்பிடுவது, பள்ளிக்கூடம் போவது.

அடுத்த மாதமே அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. காயம்பட்ட சிப்பாய்கள் வந்து குவிய, புதிய துறைக்கு ஆஸ்பத்திரியே வீடாகிவிட்டது. பிறகு போலியோ, பிறகு இன்னொரு போர். குழந்தைகளைப் பார்த்தார்கள், ஆனால் வார்டிலும் ஊனமுற்ற குழந்தைகளுக்கென்றே நடந்த தனிப் பள்ளிகளிலும்தான். பக்கத்துத் தெருவில் இருந்த சாதாரணப் பள்ளியின் கதவு அந்தக் குழந்தைகளுக்குத் திறக்கவில்லை. கதவே திறக்காத இடத்தில் தெரபிஸ்ட்டுக்கு என்ன வேலை?

கதவைத் திறந்தவர்கள் டாக்டர்கள் அல்ல, வழக்குப் போட்ட பெற்றோர்கள். 1971ல் பென்சில்வேனியாவில், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பெற்றோர் சங்கம் மாநில அரசை நீதிமன்றத்துக்கு இழுத்து, இந்தக் குழந்தைகளுக்கும் படிப்பு உண்டு என்று அரசை ஒப்புக்கொள்ள வைத்தது. 1972ல் வாஷிங்டனில் மில்ஸ் வழக்கு. நகரக் கல்வி நிர்வாகம் பணம் போதவில்லை என்றது. பணம் போதாவிட்டால் அந்தக் கஷ்டம் எல்லார் தலையிலும் விழட்டும், இந்தக் குழந்தைகள் தலையில் மட்டும் கூடுதலாக விழக்கூடாது என்பது நீதிபதி சொன்னதன் சாரம். நம் ஊரில் எத்தனையோ கூட்டங்களில் "ஃபண்ட்ஸ் இல்லை மேடம்" என்று கேட்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்தத் தீர்ப்புதான் நினைவுக்கு வரும்.

1975 நவம்பர் 29ம் தேதி ஜனாதிபதி ஃபோர்டு ஊனமுற்ற எல்லாக் குழந்தைகளுக்குமான கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மனமில்லாமல்தான். கொடுக்க முடியாததை இந்தச் சட்டம் வாக்களிக்கிறது என்று அப்போதே சொன்னார். நாட்டில் 80 லட்சத்துக்கு மேல் ஊனமுற்ற குழந்தைகள் இருக்கிறார்கள், அதில் 10 லட்சம் பேர் அரசுப் பள்ளிக்கூட அமைப்புக்கே வெளியே நிற்கிறார்கள் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. செலவில் 40 சதவீதம் வரை மத்திய அரசு தரும் என்றார்கள். இன்றுவரை அந்த அளவை எட்டியதே இல்லை. ஃபோர்டு சொன்னது அந்த மட்டில் பலித்தது.

எங்கள் தலையெழுத்தை மாற்றியது அந்தச் சட்டத்தில் வரும் ஒரு சின்னப் பட்டியல். 'தொடர்புடைய சேவைகள்' என்று பெயர். வண்டி வசதி, பேச்சுப் பயிற்சி, மனநல உதவி, பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி. கூடவே ஒரு நிபந்தனை: குழந்தை தன் சிறப்புக் கல்வியால் பயனடைய எது தேவையோ அது மட்டும். இந்த நிபந்தனையை நன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு பையனுக்கு வலது கை பலவீனம் என்றால், கையைப் பலப்படுத்துவது பள்ளியின் கடமை அல்ல. அந்தக் கையை வைத்துக்கொண்டு அவன் எப்படி எழுதுவான், டிபன் பாக்ஸை எப்படித் திறப்பான், பாத்ரூம் போய்விட்டு எப்படித் திரும்பி வருவான் என்பதுதான் கடமை. ஆஸ்பத்திரித் தெரபிஸ்ட் கையைப் பார்க்கிறார். பள்ளித் தெரபிஸ்ட் அந்தக் கை வைத்திருக்கும் பையனின் ஒரு நாளைப் பார்க்கிறார். இரண்டும் ஒரே படிப்பு, வேறு வேறு வேலை. பட்டியலில் பெயர் இருந்ததால் பள்ளிகள் எங்கள் ஆட்களை வேலைக்கு வைத்தே ஆக வேண்டியிருந்தது.

பட்டியலின் எல்லை எது என்று 1984ல் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். டெக்சாஸில் டாட்ரோ என்ற குடும்பத்துச் சிறுமி. பிறவியிலேயே முதுகுத்தண்டுக் குறை. சில மணி நேரத்துக்கு ஒரு முறை குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும், சில நிமிட வேலை. அது வைத்தியம், எங்கள் பொறுப்பில்லை என்றது பள்ளி மாவட்டம். டாக்டர் தேவைப்படாத, ஆனால் அது இல்லாமல் குழந்தை வகுப்பில் உட்காரவே முடியாத காரியம் பள்ளியின் பொறுப்புதான் என்றது நீதிமன்றம். அது நர்ஸ் சம்பந்தப்பட்ட வழக்கு, தெரபிஸ்ட் சம்பந்தப்பட்டதல்ல. ஆனாலும் பள்ளிகளில் வேலை செய்த எல்லாருக்கும் அது காலூன்ற இடம் கொடுத்தது.

அதே காலத்தில் கலிபோர்னியாவில் ஜீன் ஏயர்ஸ் என்ற தெரபிஸ்ட், கல்வி உளவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், புலன் ஒருங்கிணைப்பு பற்றி எழுதிக்கொண்டிருந்தார். 1972ல் வந்த அவர் புத்தகம் எங்கள் தலைமுறைக்குப் பாடமாக இருந்தது. கண், காது மட்டுமல்ல, உடம்பு எங்கே இருக்கிறது என்று மூட்டும் தசையும் சொல்லும் சேதி, சமநிலை பற்றி உள்காது சொல்லும் சேதி, இவையெல்லாம் சேர்ந்து ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் குழந்தை படிப்பில் தடுமாறும் என்றார். "சும்மா உட்காரவே மாட்டேங்கிறான்" என்று அடி வாங்கிய எத்தனையோ பிள்ளைகளை வேறு கண்ணால் பார்க்க வைத்தவர். ஆனால் அவர் சொன்ன எல்லாமே நிரூபணம் ஆகிவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2012ல் இந்த விஷயத்தில் நிதானம் வேண்டும் என்று அறிக்கை விட்டது. சென்னையில் இன்று தெருவுக்கு ஒரு சென்டர், கூரையிலிருந்து தொங்கும் ஊஞ்சல், மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். ஊஞ்சலில் ஆடினால் எழுத்து வந்துவிடும் என்று நம்பி நகையை அடகு வைத்த அம்மாக்களை எனக்குத் தெரியும்.

நம் நாட்டுக்கு இந்தத் துறையைக் கொண்டுவந்தவர் கமலா நிம்ப்கர். பிறந்தது நியூஜெர்சியில், எலிசபெத் லண்டியாக. இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டு மும்பைக்கு வந்தார். திரும்பிப் போய் இந்தப் படிப்பைப் படித்துவிட்டு வந்து, 1950ல் மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரியில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952ல் அகில இந்திய சங்கம். அதே வருஷம் உலக சம்மேளனம் உருவானபோது தொடக்க உறுப்பினர்களில் இந்தியாவும் இருந்தது. நான் மும்பையில் படிக்கச் சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை.

பள்ளிக்கூட விஷயத்தில் நாம் அமெரிக்காவுக்குப் பிந்தி என்று சொல்லிவிட முடியாது. ஊனமுற்ற குழந்தைகளைச் சாதாரணப் பள்ளியில் சேர்க்கும் மத்திய அரசுத் திட்டம் 1974லேயே வந்தது, அவர்கள் சட்டத்துக்கு ஒரு வருஷம் முன்னால். ஆனால் அது திட்டம், இது சட்டம். திட்டத்தில் புத்தகத்துக்கும் சீருடைக்கும் பஸ்ஸுக்கும் பணம் கிடைக்கும். பள்ளி சேர்க்க மாட்டேன் என்றால் அம்மா எந்தக் காகிதத்தைக் காட்டிச் சண்டை போடுவாள்? அதனால் தெரபி நடந்ததெல்லாம் தனியார் முயற்சியில், சிறப்புப் பள்ளிகளில். 1972ல் மும்பையில் மிது ஆலூர் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி, படிப்பையும் சிகிச்சையையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. சென்னையில் 1985ல் பூனம் நடராஜன் தொடங்கியது இன்று வித்யாசாகர்.

நான் 1985ல் சென்னை திரும்பினேன். முதலில் ஆஸ்பத்திரி, பிறகு சிறப்புப் பள்ளி, பிறகு சாதாரணப் பள்ளிகள். அப்படி ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், இரண்டாம் வகுப்புப் பையன். பெஞ்சிலிருந்து வழுக்கி விழுந்துகொண்டே இருப்பான், நோட்டில் ஒரு வரிகூட முடியாது. ஹெச்.எம். அவன் அம்மாவைக் கூப்பிட்டு, "இவன் இங்க சரிப்பட மாட்டாம்மா, வேற இடம் பாருங்க" என்று டி.சி. எழுத உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா என்னிடம் வந்து, "டாக்டரம்மா, ஒரு வாரம் டைம் வாங்கிக் குடுங்க" என்றார். நான் டாக்டர் இல்லை என்று சொன்னால் கேட்கவா போகிறார். வகுப்பில் போய்ப் பார்த்தேன். பையனுக்கு இடுப்பில் பலம் குறைவு, கால் தரையைத் தொடவே இல்லை. விழாமல் இருப்பதற்கே இரண்டு கையும் போய்விடும். எழுத எந்தக் கை மிச்சம்? காலுக்கடியில் ஒரு பலகை, முதுகுக்கு ஒரு சாய்மானம், நோட்டுக்குச் சரிவாக ஒரு அட்டை. பலகையைத் தச்சர் 15 ரூபாய்க்கு அறுத்துக் கொடுத்தார். ஒரு வாரத்தில் அவன் ஒரு பக்கம் எழுதவில்லை, நாலு வரி எழுதினான். விழவில்லை. டி.சி. நின்றது.

எழுத்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பாடப் புத்தகம் எல்லாம் ஆங்கில எழுத்தை வைத்து எழுதியது. தமிழ் எழுத்தின் கஷ்டம் அதில் இல்லை. 'கொ' என்று ஒரே ஒலி, ஆனால் குறி எழுத்துக்கு முன்னால் பாதி, பின்னால் பாதி. இடம் வலம் தடுமாறும் குழந்தைக்கு அது ஒரு மலை. 1978ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, யானைத் துதிக்கை மாதிரி வளைந்த பழைய 'லை', 'ணை' எல்லாம் போனபோது தமிழறிஞர்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். அந்த வளைவை ஒவ்வொரு குழந்தைக்கும் கை பிடித்துப் பழக்க வேண்டியிருக்கவில்லை என்ற வகையில் நான் சீர்திருத்தத்தின் கட்சி.

1995 சட்டம் ஊனமுற்ற குழந்தைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி என்றது. 2009ல் கல்வி உரிமைச் சட்டம், 2012ல் அதில் திருத்தம், 2016ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதைக் கேட்டு எழுத ஆளும் இன்று கேட்டு வாங்க முடிகிறது. காட்டிச் சண்டை போடக் காகிதம் கிடைத்துவிட்டது. ஆனால் 2016 சட்டத்தின் கல்வி அத்தியாயத்தில், அந்த 1975 பட்டியல் போல எங்கள் பெயர் இல்லை. அதனால் பணியிடமும் அரிது. வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும்தான் எங்கள் வேலையையும் சேர்த்து இழுக்கிறார்கள். ஒரு ஆள், ஒரு வட்டாரம் முழுக்கப் பள்ளிகள். குழந்தையின் வகுப்புக்குப் போய் அவன் கால் தரையைத் தொடுகிறதா என்று பார்க்க அவர்களுக்கு எங்கே நேரம்? குழந்தைதான் மையத்துக்கு வர வேண்டியிருக்கிறது. அதற்காக அம்மா வாரத்தில் ஒரு நாள் கூலியை விடுகிறாள், அன்றைக்கு அவனுக்குப் பாடமும் போகிறது.