நம் பிள்ளைகளும் இருவகைப் பள்ளிகளும்

கயத்தாற்றில் 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கதையை நம் பிள்ளைகள் நன்கறிவர். நம் முன்னோர் ஏட்டைத் தொட்ட கதையை அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

தனியார் பள்ளியா, அரசுப் பள்ளியா என்று இன்று வீடுதோறும் வாதம் நடக்கிறது. அன்று நமக்குத் தனியார் பள்ளி என்பது மிஷன் பள்ளியே. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியஸ் ஐயர் காலந்தொட்டு நெல்லைச் சீமையில் அவை பரவின. சர்க்கார் பள்ளி பெயரளவில் அனைவருக்கும் பொது. அது இருந்த தெருவோ நமக்குப் பொதுவன்று. 1893-இல் சென்னை அரசு நம் மக்களுக்கான தனிப் பள்ளிகளுக்கு உதவ ஆணையிட்டது. பஞ்சமர் பள்ளி என்று பெயர். எழுத்துக் கிடைத்தது, பக்கத்தில் அமரும் பிற தெருத் தோழன் கிடைக்கவில்லை.

அக்குறை ஓரளவு தீர்ந்தது காமராசர் காலத்தில்தான். 1956-இல் நம் மாவட்டத்து எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கிற்று. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உண்டனர் என்பதை நாம் சிறிதென எண்ணவில்லை.

இப்பொழுது ஆங்கிலவழிப் பள்ளியின் வேன் நம் தெருமுனைக்கும் வருகிறது. வட்டிக்கு வாங்கியும் கட்டணம் செலுத்துகிறோம். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடம் நலிந்தோர்க்கு உண்டு. கேட்டுப் பெறுவதில் கூச்சம் எதற்கு? அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கோ 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது.

நம் அச்சம் வேறு. வசதியுள்ள பிற தெருவினர் யாவரும் வேனேறிப் போய்விட்டால், அரசுப் பள்ளியில் நம் பிள்ளைகளே எஞ்சுவர். ஆணை ஏதுமின்றிப் பஞ்சமர் பள்ளி திரும்பிவிடும். ஆதலால், பள்ளி மேலாண்மைக் குழுவில் அமரும் நம்மவர் முதலில் கேட்கவேண்டிய கணக்கு, எந்தெந்தத் தெருவிலிருந்து எத்தனை பிள்ளைகள் வருகின்றனர் என்பதே.